கம்பியில்லாக் கன்ட்ரோலரும் மின்கலத் தேர்வும்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

வீடியோ விளையாட்டு இன்று சிறுவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. நம் கல்லூரி மாணவருள்ளும் அதில் ஈடுபாடு கொண்டோர் பலர். ஆட்டத்தை நடத்தக் கையில் பிடிக்கும் கருவியைக் கன்ட்ரோலர் என்கிறோம். முன்பு அதிலிருந்து கம்பி சென்றது. இப்போது வானொலி அலை செல்கிறது. கம்பி போனபோது அதன் வழியே வந்த மின்சாரமும் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப வந்ததே மின்கலம். "எந்த பேட்டரி நல்லது?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. "எந்த சார்ஜர் நல்லது?" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. அதன் காரணத்தை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இருவகைக் கருவிகள்

கம்பியில்லாக் கன்ட்ரோலர்களை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகையில் மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். சோனி நிறுவனம் 2013இல் வெளியிட்ட டூயல்ஷாக் 4, 2020இல் வெளியிட்ட டூயல்சென்ஸ் ஆகியவை இவ்வகை. இவற்றில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். யுஎஸ்பி கம்பியைச் செருகினால் போதும். நாம் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை.

இரண்டாம் வகையில் நாமே மின்கலத்தைப் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களும், 2006இல் வந்த நின்டெண்டோ வீ கருவியின் கைப்பிடியும் இவ்வகை. நாம் பென்சில் பேட்டரி என்று கடையில் கேட்டு வாங்கும் ஏ.ஏ. அளவுக் கலங்கள் இரண்டு இவற்றுக்குத் தேவை. நம் தேர்வுக்கு உரியது இவ்வகையே.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலத்தை முதன்மை மின்கலம் என்றும், மீண்டும் மின்னேற்றத்தக்கதைத் துணை மின்கலம் என்றும் பாடநூலில் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரே கன்ட்ரோலரை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆட்டம் என்றும், ஒரு ஜோடிக் கலம் 30 மணி நேரம் உழைக்கும் என்றும் கொள்வோம். 15 நாளுக்கு ஒரு ஜோடி. ஆண்டுக்கு 24 ஜோடி, அதாவது 48 கலங்கள்! அத்தனையும் குப்பைக்குப் போகும். அத்தனைக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டும். துணை மின்கலமாயின் நான்கே போதும். இரண்டு உழைக்கையில் இரண்டு காத்திருக்கும்.

1.2 வோல்ட் போதுமா?

துணை மின்கலங்களுள் முன்பு பெயர் பெற்றிருந்தது நிக்கல்-காட்மியம் கலம். சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் 1899இல் கண்டது அது. காட்மியம் நச்சுத்தன்மை கொண்டது. ஆகவே அதன் இடத்தைப் பெரும்பாலும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலம் பிடித்துக்கொண்டது. இன்று ஏ.ஏ. அளவில் நம்பி வாங்கத்தக்கது இதுவே.

புதிய ஆல்கலைன் கலத்தின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். நிக்கல் கலத்தினது 1.2 வோல்ட். இதைக் கண்டு, "0.3 வோல்ட் குறைகிறதே, கன்ட்ரோலர் இயங்குமா?" என்று பலர் ஐயுறுகின்றனர். ஆல்கலைன் கலம் 1.5 வோல்ட்டில் நிலைத்து நிற்பதில்லை. பயன்படுத்தத் தொடங்கியதும் படிப்படியாக இறங்கி 1 வோல்ட் அளவுக்கும் கீழே வந்துவிடும். நிக்கல் கலமோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிடும் வரை 1.2 வோல்ட் அளவிலேயே ஏறத்தாழ நிலைத்திருக்கும். இறங்கிய ஆல்கலைனிலும் இயங்குமாறு அமைக்கப்பட்ட கன்ட்ரோலர் இதிலும் தடையின்றி இயங்கும். ஆல்கலைனை மனத்தில் கொண்டு அமைத்த அளவுகாட்டி மட்டும் சில வேளை சற்றுக் குறைத்துக் காட்டலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

உறையில் உள்ள எண்

கடையில் நம் கண்ணை முதலில் கவர்வது 2000, 2500 என்று பெரிதாக அச்சிட்ட எண். அது மில்லி ஆம்பியர் மணி என்னும் கொள்ளளவு. இரண்டு கலங்களைத் தொடராக இணைக்கும்போது மின்னழுத்தம்தான் கூடும், கொள்ளளவு கூடாது. 2000 கொண்ட கலங்கள் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்டில் 2000தான் தரும்.

எண் பெரிதாக இருப்பதெல்லாம் நன்றென்று எண்ணிவிடலாகாது. முதலாவது, ஏ.ஏ. அளவு நிக்கல் கலத்தில் 2800க்கு மேல் அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்தச் சிறு உருளைக்குள் அவ்வளவு அடங்காது. இரண்டாவது, பழைய வகை நிக்கல் கலம் சும்மா இருந்தாலே ஒரு மாதத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மின்னூட்டத்தை இழந்துவிடும். தேர்வுக் காலத்தில் மேசையறையில் வைத்துவிட்டு விடுமுறையில் எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இக்குறையைப் பெரிதும் நீக்கி சான்யோ நிறுவனம் 2005இல் எனலூப் என்னும் கலத்தை வெளியிட்டது. இன்று பானசோனிக் பெயரில் விற்கப்படும் இது, ஓராண்டு கழிந்தும் பெரும்பகுதி மின்னூட்டத்தைக் காத்துவைக்கும். வேறு நிறுவனங்களும் இத்தகைய கலங்களைச் செய்கின்றன. உறைமேல் 'ரெடி டு யூஸ்' அல்லது 'ப்ரீ-சார்ஜ்டு' என்று எழுதியிருப்பதே அடையாளம். 2000 அளவுள்ள இத்தகைய கலமே கன்ட்ரோலருக்கு ஏற்றது என்பேன்.

லித்தியம் கலம் பற்றி

அண்மைக் காலத்தில் ஏ.ஏ. உருவிலேயே 1.5 வோல்ட் லித்தியம் கலங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. உள்ளிருக்கும் லித்தியம் கலத்தின் 3.7 வோல்ட்டை ஒரு சிறு மின்சுற்று 1.5ஆகக் குறைத்துத் தருகிறது. இவற்றின்மீது 3000 மில்லி வாட் மணி என்று எழுதியிருப்பர். நிக்கல் கலத்தின் 2000ஐ 1.2ஆல் பெருக்கினால் 2400 மில்லி வாட் மணி. ஒப்பிட வேண்டியது 3000ஐயும் 2400ஐயுமே. 3000ஐயும் 2000ஐயும் அல்ல. இவற்றுள் பல கடைசி வரை 1.5 வோல்ட் காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். அளவுகாட்டி முழுமை என்று சொல்லிக்கொண்டிருக்கையிலேயே ஆட்டம் முடிந்துபோகும்.

ஓர் எச்சரிக்கை. 14500 என்ற எண்ணுடன் இதே அளவில் வேறொரு லித்தியம் கலம் உண்டு. அதன் மின்னழுத்தம் குறைக்கப்படாத 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் 3 வோல்ட்டுக்கு அமைந்த கன்ட்ரோலருக்குள் 7.4 வோல்ட் பாயும். கருவி பாழாகும்.

மின்னேற்றியே முதன்மை

நாங்கள் இருவரும் நான்கு கலங்களைக் கொண்டு ஆண்டுக்கு 24 முறை ஜோடியை மாற்றுகிறோம். ஆகவே ஒவ்வொரு கலமும் ஆண்டுக்கு 12 முறைதான் மின்னேற்றம் பெறுகிறது. 500 முறை தாங்கும் கலமாயினும் 40 ஆண்டு வர வேண்டும்! ஆனால் வருவதில்லை. காரணம், கலம் எண்ணிக்கையால் சாவதைவிட முதுமையாலும் தவறான மின்னேற்றத்தாலும் சாவதே மிகுதி. முதுமையைத் தடுக்க நம்மால் இயலாது, மற்றதைத் தடுக்கலாம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது மின்னேற்றிக்கும் பொருந்தும். நிக்கல் கலம் நிறைந்ததும், மேற்கொண்டு வரும் மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. மின்னழுத்தமும் சில மில்லி வோல்ட் இறங்குகிறது. நல்ல மின்னேற்றி இவ்விறக்கத்தை உணர்ந்து தானே நிறுத்திக்கொள்ளும். மலிவான மின்னேற்றி இதை அறியாது. விடுதியில் என் நண்பர் ஒருவர் கலங்களோடு இலவசமாகக் கிடைத்த மின்னேற்றியில் இரவெல்லாம் கலங்களை விட்டுவைப்பார். காலையில் தொட்டால் கை சுடும். சில மாதங்களில் நான்கும் பயனற்றுப் போயின. அவர் கலத்தைக் குறை கூறினார், குற்றம் மின்னேற்றியுடையது.

எனவே வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கலம் நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும்.
2. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஜோடியாகவே ஏற்றும் கருவியில் ஒன்று நிறைந்து வழிய, மற்றொன்று அரைகுறையாக நிற்கும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி விளக்கு இருப்பது பெரும்பாலும் நல்ல அறிகுறி.
3. 2000 அளவுக் கலத்துக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஏற்றது. இரண்டரை முதல் ஐந்து மணி நேரத்தில் நிறையும். 15 நிமிடத்தில் நிறைப்பதாகக் கூறும் கருவி கலத்தைச் சூடாக்கி வாழ்நாளைக் குறைக்கும்.
4. நிக்கல் மின்னேற்றியில் லித்தியத்தையோ ஆல்கலைனையோ வைக்கக் கூடாது. கசிவும் வெடிப்பும் நேரலாம்.

பேணும் முறை

ஒன்றாக வாங்கிய இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே பயன்படுத்த வேண்டும். மைக்கோலால் எண்ணிட்டுக்கொள்வது எளிது. வலுவுள்ளதோடு வலுவற்றதைச் சேர்த்தால், முன்னது பின்னதை எதிர்த்திசையில் தள்ளிக் கெடுத்துவிடும். நீண்ட நாள் ஆடாதபோது கலங்களைக் கழற்றிவைப்பது நலம். அதிர்வு மோட்டாரை நிறுத்தினால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

உழைத்து ஓய்ந்த கலத்தைக் குப்பையில் எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது நம் கடமை.

கையிலுள்ள பணம் சிறிதாயின், நான்கு கலங்களுக்குப் பதில் இரண்டு வாங்கி, மிச்சத்தை நல்ல மின்னேற்றிக்குச் செலவிடுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.