படைக் குதிரைகளின் வைத்தியர்

பத்தாம் வகுப்பு மாணவி

மிருக வைத்தியர் என்றதும் மாட்டுக்கு ஊசி போடுபவரும் நாய்க்குட்டிக்கு மருந்து கொடுப்பவருமே நம் நினைவுக்கு வருவர். இராணுவத்திலும் மிருக வைத்தியர்கள் உண்டு என்பதை எங்கள் வகுப்பில் பலர் அறிந்திருக்கவில்லை. துப்பாக்கி பிடிப்பவர் நடுவே இவர்களுக்கு என்ன வேலை என்று சிரித்தவர்களும் உண்டு.

மோட்டார் வண்டிகள் வருமுன் படை எப்படி நகர்ந்தது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். பீரங்கியை இழுக்கக் குதிரை, மலைப் பாதையில் மூட்டை சுமக்கக் கோவேறு கழுதை, மணல்வெளியில் ஒட்டகம். இவை படுத்துவிட்டால் படையே படுத்துவிடும். 1878 முதல் 1880 வரை ஆங்கிலேயர் ஆப்கானியருடன் நடத்திய போரில் பல்லாயிரம் ஒட்டகங்கள் பசியாலும் களைப்பாலும் நோயாலும் மாண்டன. அந்த வாயில்லா ஜீவன்களின் பெயரைச் சரித்திரப் புத்தகம் சொல்வதில்லை. நம் நாட்டு இராணுவத்தில் இன்றும் இப்பணிக்கென்று 'ரிமவுண்ட் வெட்டரினரி கோர்' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பயிற்சி நிலையம் மீரட் நகரில் உள்ளது. வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய்களும் அங்கே பழக்கப்படுகின்றன.

இத்தகைய வைத்தியர்களுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தவர் கிரிஃபித் எவான்ஸ். இவர் 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் டைவின் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். லண்டனில் கால்நடை மருத்துவம் கற்று, 1860இல் பீரங்கிப் படையில் மிருக வைத்தியராகச் சேர்ந்தார். மறு வருடம் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகருக்கு அனுப்பப்பட்டார். மற்றவர்கள் ஓய்வாகக் கழிக்கும் நேரத்தை இவர் வீணாக்கவில்லை. வேலையையும் பார்த்துக்கொண்டு, மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனிதருக்கான மருத்துவமும் படித்து 1864இல் பட்டம் பெற்றுவிட்டார்! ஒரு பரீட்சைக்கே விழி பிதுங்கும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது. நுண்ணோக்கியைக் கையாள்வதிலும் அவருக்குத் தனிப் பற்று இருந்தது. அந்தப் பற்றே பின்னர் அவருக்குக் கை கொடுத்தது.

1877இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1880இல் சிந்து நதிக்கரையில் உள்ள தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊருக்குச் செல்லும்படி உத்தரவு வந்தது. (அவ்வூர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது.) அங்கே படைக் குதிரைகளையும் ஒட்டகங்களையும் 'சர்ரா' என்ற நோய் வாட்டிக்கொண்டிருந்தது. ஹிந்தியில் 'அழுகியது' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயராம் அது. காய்ச்சல் வரும், விடும், மீண்டும் வரும். குதிரை தீனியை நன்றாகவே தின்னும். ஆனாலும் நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாக இளைக்கும். கால்களும் அடிவயிறும் வீங்கும். இரத்தம் சோகை பிடித்துக் கடைசியில் இறந்துவிடும். காரணம் இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை.

எவான்ஸ் நோயுற்ற குதிரையின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களின் நடுவே, விலாங்கு மீன் போல நெளிந்து, அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு விரைந்தோடும் நுண்ணுயிர்களைக் கண்டார். கண்டதும் துள்ளிக் குதித்து முடிவு கட்டிவிடவில்லை. அந்த இரத்தத்தை நோயில்லாத பிராணிகளின் உடலில் செலுத்தினார். அவற்றின் இரத்தத்திலும் அதே உயிர்கள் தோன்றின, அவையும் நோயுற்றன. (நோயற்ற பிராணிக்கு நோயைக் கொடுப்பது நியாயமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு முடிவுக்கு வர எங்களால் இயலவில்லை.) பெரிய ஈக்கள் கடிப்பதால் இந்நோய் வருகிறது என்று அவ்வூர் மக்கள் கூறியதையும் அவர் அலட்சியம் செய்யாமல் தம் அறிக்கையில் குறித்தார்.

ஆனால் அந்த அறிக்கைக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? மேலதிகாரிகள் அதை ஏற்கவில்லை. அப்போது இந்தியாவில் இத்துறையில் பெரும் புகழ் பெற்றிருந்த டாக்டர் டிமதி லூயிஸும் மறுத்தார். அவரிடமும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதே போன்ற உயிர்களை அவர் 1878இல் எலிகளின் இரத்தத்தில் கண்டிருந்தார். அந்த எலிகளோ சுகமாக ஓடியாடிக்கொண்டிருந்தன! ஆகவே குதிரையின் உடலிலும் இவை தீங்கற்றவையே என்பது அவர் எண்ணம். கிருமியால் நோய் வரும் என்ற கருத்தே அன்று புதிது. ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமியை ராபர்ட் கோக் விளக்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பெரிய டாக்டர்கள் ஒரு பக்கம், குதிரை வைத்தியர் ஒருவர் மறு பக்கம் என்றால் உலகம் எவர் சொல்லைக் கேட்கும்? எவான்ஸ் சண்டை போடவில்லை. தாம் கண்டதை மாற்றிச் சொல்லவும் இல்லை. 1885இல் தாய்நாடு திரும்பினார்.

அதே 1885இல் ஜான் ஹென்றி ஸ்டீல் என்ற மற்றோர் இராணுவ மிருக வைத்தியர் பர்மாவில் கோவேறு கழுதைகளின் இரத்தத்தில் இந்த உயிரையே கண்டு, அதற்கு எவான்ஸின் பெயரைச் சூட்டினார். இன்று அதனை 'டிரிப்பனோசோமா எவான்சி' என்கிறோம். பத்தாண்டுகளுக்குப் பின் டேவிட் புரூஸ் என்ற இராணுவ டாக்டர், ஆப்பிரிக்காவில் கால்நடைகளைக் கொன்ற 'நகானா' என்ற நோய்க்கும் இதன் இனத்தைச் சேர்ந்த உயிரே காரணம் என்று காட்டினார். அவர் மனைவி மேரி அம்மையாரும் நுண்ணோக்கி வேலையில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். அதன் பிறகு ஆப்பிரிக்க மக்களை வாட்டிய தூக்க நோயின் காரணமும் வெளிப்பட்டது. ஈ கடிப்பதால் சர்ரா பரவும் என்பதை 1901இல் லெனார்டு ராஜர்ஸ் சோதனை செய்து காட்டினார். குதிரைக்காரர்கள் சொன்னது சரியாகப் போயிற்று!

எவான்ஸ் 1890இல் ஓய்வு பெற்றுப் பாங்கர் நகரில் குடியேறி, அங்குள்ள கல்லூரியில் கால்நடைச் சுகாதாரம் கற்பித்தார். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் வழங்கியது 1917இல். அப்போது அவருக்கு வயது 82. தேரா இஸ்மாயில் கானில் அந்த ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேரி கிங்ஸ்லி என்பவர் ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, 1900இல் போர்க் கைதிகளுக்குச் சேவை செய்யும்போது நோயுற்று இறந்த பெண்மணி. அவர் பெயரால் அமைந்த பதக்கம் இவருக்குக் கிடைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. எவான்ஸ் நூறு வயதையும் கண்டு, 1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காலமானார்.

சர்ரா மனிதரைத் தாக்காது என்றே வெகு காலம் எண்ணியிருந்தனர். நம் இரத்தத்தில் உள்ள ஒரு புரதம் அந்த உயிரைக் கொன்றுவிடும். ஆனால் 2004இல் மகாராஷ்டிர மாநிலத்து விவசாயி ஒருவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அவர் உடலில் அந்தப் புரதம் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. டாக்டர்கள் அவர் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எவான்ஸ் குதிரையிடம் கண்ட அதே உயிர் அங்கே நெளிந்துகொண்டிருந்தது. இன்னதென்று தெரிந்ததால் ஏற்ற மருந்து கொடுத்தனர். அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார்.