சட்டைப்பையும் நீர்மூழ்கியும்

"அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி நொறுங்கிய ஓசை கடல் தாண்டிப் பதிவானதாமே, பிறகு கண்டுபிடிக்க ஏன் ஓராண்டு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

2017 நவம்பர் 15 அன்று 44 பேரோடு அது மறைந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க வைத்த இரண்டு நிலையங்களில் ஓசை பதிவானது. ஒன்று அசென்ஷன் தீவில், ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் தொலைவு; மற்றது குரோசே தீவுகளில், 8,000. ஒவ்வோரிடத்திலும் சுமார் 2 கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்கடி ஒலிவாங்கிகள். நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். ஆகவே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தாமதம் அதிகபட்சம் 1.3 வினாடிதான். ஓசை வந்த திசை முழுவதும் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

இரைச்சலுக்கு நடுவே அதை அளப்பது எப்படி? தையல்காரரைக் கவனியுங்கள். கட்டம்போட்ட சட்டைக்குப் பை வைக்கும்போது, வெட்டிய துண்டைத் துணிமேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். கோட்டோடு கோடு சேருமிடத்தில் குண்டூசி குத்துவார். கணினியும் ஒரு பதிவை இன்னொன்றின்மேல் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கிக் கூட்டுகிறது. கூட்டல் உச்சம் தொடும் நகர்வே தாமதம். 'கிராஸ் கோரிலேஷன்' என்பது இதுதான். அலையிரைச்சல் துணியில் பட்ட அழுக்கு மாதிரி: இரண்டு துண்டிலும் ஒரே இடத்தில் படாது, கூட்டும்போது கரைந்துவிடும். கப்பல் விசிறியின் சீரான உறுமலோ சின்னக் கட்டம். பத்து இடத்தில் பொருந்தி ஏமாற்றும். நொறுங்கும் ஓசை, துணி முழுக்க ஒரே ஒரு பூ, ஓரிடத்தில்தான் பொருந்தும். ஒலிக்கும் பொருள் விரைந்து ஓடினால், ஒரு துண்டு மட்டும் துவைத்துச் சுருங்கிய கதை. நகர்த்தினால் போதாது, இழுத்தும் பார்க்க வேண்டும். இத்தனையும் பெருக்கல், கூட்டலில் முடிவது எனக்கு இன்னும் வியப்புதான்.

  

இனி வாசகரின் கேள்வி. 6,000 கிலோமீட்டரில் ஒரு டிகிரி பிசகினால் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப்போகும். இரண்டு திசைக்கோடுகள் வெட்டுமிடத்தில் கிடைப்பது புள்ளியல்ல, ஒரு பரப்பு. அந்தப் பரப்பைச் சரிபார்க்க டிசம்பர் 1 அன்று கடலில் ஒரு குண்டை வெடிக்கவைத்து, அதே நிலையங்களில் கேட்டார்கள். பிறகு ஆளில்லாக் கலங்கள் அடித்தரையைத் துழாவி, 2018 நவம்பரில் 907 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டன.

ஆகவே, செயற்கை நுண்ணறிவு கடலில் எதையும் நொடியில் காட்டிவிடும் என்று யாராவது சொன்னால், எத்தனை கிலோமீட்டர் தொலைவில், எத்தனை டிகிரி பிழையோடு என்று கேளுங்கள்.