தாய்ச்சி: எப்போது மெதுவாக, எப்போது வேகமாக?

பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் பூங்காவுக்குக் காலையில் போனால், ஓய்வுபெற்ற முதியவர்கள் மரத்தடியில் தாய்ச்சி பழகுவதைப் பார்க்கலாம். ஒரு கையை உயர்த்தி இறக்கவே சில மூச்சு நேரம் பிடிக்கும். அதே கலை பிறந்த ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில், இளைஞர்கள் தரை அதிர மிதித்து, எகிறிக் குதித்து, முஷ்டியைச் சொடுக்குகிறார்கள். எந்த வேகம் உடம்புக்கு நல்லது? முதலில் மெதுவாக, கால் தேறியபின் வேகமாக, பிறகு மறுபடியும் மெதுவாக என்பதே என் பதில்.

இரண்டு வேகமும் வந்த வழி

அந்தக் கிராமத்துச் சென் குடும்பத்தாரின் பழைய முறையில் முதல் அசைவு வரிசை பெரும்பாலும் மெதுவானது. நடுநடுவே மட்டும் விசை திடீரென வெடிக்கும். அந்த வெடிப்புக்கு ஃபாஜின் என்று பெயர். இரண்டாம் வரிசையின் பெயரே ‘பீரங்கி முஷ்டி’. சென்ஜியாகோவில் கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கலையைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) காலத்தில்தான் குதிப்பும் வெடிப்பும் விலகி, ஒரே சீராக ஓடும் வடிவம் நிலைத்தது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடியும் இந்த வரிசையைத்தான் இன்று புதிதாகச் சேருபவர்கள் பலரும் கற்கிறார்கள்.

மெதுவில் ஏய்க்க முடியாது

காலை வேகமாக வீசினால் அந்த வீச்சே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நடுவழியில் இடுப்பு சரிந்ததா, பாரம் எந்தக் காலில் இருந்தது என்பது ஆடுபவருக்கே தெரியாது. அதே காலைப் பத்து எண்ணும் நேரம் எடுத்து நகர்த்திப் பாருங்கள். உந்தம் உதவிக்கு வராது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடும். மடங்கும் காலின் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்; படியிறங்கும்போது அது செய்யும் வேலையும் இதுவே. உள்ளங்காலும் கணுக்காலும் அனுப்பும் செய்தியைக் கேட்டு, தடுமாற்றத்தைத் திருத்திக்கொள்ள மூளைக்கு அவகாசம் கிடைக்கும். கூட்டிலிருந்து பட்டுநூல் இழுப்பதைச் சீன ஆசான்கள் இதற்கு உவமையாகச் சொல்வார்கள். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

இதன் பலன் ஆய்விலும் தெரிந்திருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. வாரம் இருமுறை, 24 வாரம் தாய்ச்சி பழகியவர்களின் சமநிலை நன்றாகத் தேறியது. வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் கீழே விழுந்ததும் குறைவு.

மெதுவுக்கும் எல்லை உண்டு. மூச்சு முட்டினாலோ, அசைவு நடுவில் நின்றுபோனாலோ நீங்கள் அளவு கடந்துவிட்டீர்கள். ஆழமாக மடங்கிய முழங்காலோடு நெடுநேரம் நிற்பதும் வேண்டாம். நிலையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

வேகம் எதற்கு?

வயதாகும்போது தசையின் வலுவைவிட, வலுவைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன் விரைவாகக் குறைகிறது. கல் தடுக்கினால் மறுகால் கணத்தில் முன்னே போய் ஊன்ற வேண்டும். மெதுவான பயிற்சி மட்டும் அந்தச் சுறுசுறுப்பைத் தந்துவிடாது. ஆகவே மனப்பாடமான வரிசையை மட்டும் எடுத்து, இயல்பாக நடக்கும் வேகத்தில் ஒருமுறை ஆடுங்கள். எங்கே கால் குழறுகிறதோ அந்த இடத்தை மறுபடி மெதுவாகப் பிரித்துப் பாருங்கள்.

ஃபாஜின் இன்னும் கடினம். கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தளர்ந்த தோள் வழியாக விசை கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். கையை மட்டும் உதறினால் முழங்கையும் தோளும் கெடும். ஆசான் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

முழங்கால் பத்திரம்

எந்த வேகத்திலும் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். பாரம் ஏறிய காலை முழங்காலில் திருகுவதே காரணம். பாரத்தை மாற்றிவிட்டுப் பாதத்தைத் திருப்புங்கள். முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, தலைசுற்றல் உள்ளவர்கள் வேகத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். இவர்களுக்குக் குதிப்பும் தரையை மிதிப்பதும் வேண்டாம். மூச்சை அடக்கவும் கூடாது; ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

முழு வரிசைக்கு நேரமில்லாதவர்கள் ‘மேகக் கைகள்’ என்ற பக்கவாட்டு அசைவை மட்டும் ஆசானிடம் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் மூன்று முறை மெதுவாக, ஒருமுறை நடை வேகத்தில், கடைசியாக ஒருமுறை மெதுவாகச் செய்யுங்கள். எந்தக் கால் நடுங்குகிறதென்று கவனித்து, மறுநாள் அந்தக் காலுக்குக் கூடுதலாக இரண்டு முறை கொடுங்கள்.