இந்த ஓட்டை எதற்கு?

1955-இல் ஷெவ்ரோலே கொண்டுவந்த 265 கன அங்குல வி-8 என்ஜினின் பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பொருத்த இடமே கிடையாது. அடுத்த ஆண்டே அந்த இடம் வந்துவிட்டது. அதே குடும்பத்து என்ஜின்களுக்கு 1957 வரை என்ஜினை வண்டியில் தாங்கும் மவுன்ட் பிளாக்கின் முன்முகத்தில்தான். 1958-இலிருந்து இரு பக்கங்களிலும் மவுன்டுக்கான மேடுகள் சேர்த்து வார்க்கப்பட்டன. ஏதோ ஒரு கொட்டகையில் கிடக்கும் பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எண்ணைத் தேடுவதற்கு முன்பே அதன் வயதைச் சிலர் சொல்லிவிடுவது இப்படித்தான். எது இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பழைய கார் வாங்கியவருக்கு இந்தப் பழக்கம் மெல்லத்தான் வரும். என்ஜினை இறக்கி, மண்ணெண்ணெயும் வயர் பிரஷ்ஷுமாகப் பல வருட எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் சந்தேகங்கள் ஆரம்பிக்கின்றன. தகடு அடித்து மூடிய வட்ட ஓட்டை. இரண்டு போல்ட் போட்டு இறுக்கிய, பின்னால் எதுவுமே இல்லாத பட்டை. மரை வெட்டாமல் விட்ட மேடு. நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. வண்டிச் சொந்தக்காரர் கார் கம்பெனியின் புத்தகத்தைப் புரட்டினால் பதில் இருக்காது. காரணம், இவற்றில் பாதிக்கு அந்தக் காரில் வேலையே இல்லை. வார்த்தவருக்கோ, கடைந்தவருக்கோ, அதே பிளாக்கைச் சுமந்த வேறொரு வண்டிக்கோ அவை தேவைப்பட்டன.

வட்ட ஓட்டைகளை எடுத்துக்கொள்வோம். பிளாக்குக்குள் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட வெற்றிடம் வேண்டும். உருகிய இரும்பை ஊற்றும்போது அந்த வெற்றிடத்தை எப்படி உண்டாக்குவது? பசை கலந்து சுட்டு இறுக்கிய மணலில் அதே வடிவத்தைச் செய்து, அச்சுக்குள் வைக்கிறார்கள். பவுண்டரியில் அதற்குப் பெயர் கோர். அது அந்தரத்தில் நிற்காது. அதன் கால்கள் சுவரைத் தாண்டி வெளி அச்சில் ஊன்றியிருக்க வேண்டும். ஏறக்குறைய 1,400 டிகிரி சூட்டில் இரும்பு உள்ளே பாய்ந்து, ஆறி இறுகியதும், கால் ஊன்றிய இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். அதன் வழியாகத்தான் மணலைத் தட்டிக் கொட்டுகிறார்கள். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை முடிந்த ஓட்டையை அடைக்க, லேசாகக் குவிந்த ஒரு தகட்டை வைத்து நடுவில் ஓங்கி ஓர் அடி. குவிவு தட்டையாகி, ஓரம் விரிந்து, இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதுதான் வெல்ச் பிளக். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து விரியும்போது பிளாக் வெடிக்காமல் காப்பாற்றத்தான் இதை வைத்தார்கள் என்று பல நாடுகளிலும் நம்புகிறார்கள். சில நேரம் பனிக்கட்டி தகட்டைத் தள்ளிவிடுவதும் உண்மை; பிளக் அப்படியே இருக்க, பிளாக் பிளந்துபோவதும் உண்மை. நம் சமவெளியில் பிளக் வேறு விதமாகச் சாகிறது. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியில் தகடு உட்பக்கமாகத் துருப்பிடித்து அரித்துப்போகும். தண்ணீர் கசிந்தால் பழி ஹெட் கேஸ்கட்மேல் விழுகிறது. பின்பக்கத்து பிளக் ஓட்டையாகிவிட்டால் கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டிய வண்டிகளும் உண்டு.

அந்தத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் துருச்சேற்றோடு கருமணலும், சில சமயம் வளைந்த கம்பித் துண்டுகளும் வரும். யாரோ தவறவிட்ட கம்பியல்ல. மணல் கோர் உடையாமலிருக்க பவுண்டரியில் உள்ளே வைத்த கம்பி, அத்தனை வருடமும் அங்கேயே தங்கியிருக்கிறது.

மெக்கானிக்குகள் 'டம்மி' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகும் மூடித் தகடுகளின் கதை வேறு. 1956-இல் வந்த ஆஸ்டின் ஏ35-க்கும் மோரிஸ் மைனர் 1000-க்கும் ஒரே 948 சிசி என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஏ-சீரீஸ். ஆஸ்டினில் கேம்ஷாஃப்ட் தள்ளி இயக்கும் பெட்ரோல் பம்ப். அது பிளாக்கின் பக்கத்தில் உட்கார வேண்டும். மைனரில் எஸ்.யு. மின்சார பம்ப், என்ஜினைத் தொடாமல் தனியாக இருக்கும். ஆகவே பல மைனர் பிளாக்குகளில் ஆஸ்டினுக்கான இடம் தகடு போட்டு மூடிக் கிடக்கிறது.

பங்குபோட்டுக்கொண்ட என்ஜின்களில் பெரிய கில்லாடி ஸ்டாண்டர்டு வேன்கார்டுடையது. சென்னையிலும் கோத்து விற்கப்பட்ட கார் அது. அதன் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்ந்து வார்த்தவை அல்ல, கையால் உருவக்கூடிய லைனர்கள். தண்ணீர் நேரடியாக அவற்றைத் தொட்டு ஓடும். 85 மில்லிமீட்டர் லைனர் போட்டால் 2,088 சிசி வேன்கார்ட். 83 போட்டால் 1,991 சிசி ட்ரையம்ப் டிஆர்2. ஃபெர்குசன் டிராக்டரும் இதே குடும்பத்து என்ஜினில்தான் உழுதது. பந்தயக் காரின் பானெட்டைத் திறந்தவர் உள்ளே டிராக்டரின் தாயாதியைப் பார்த்து முகம் சுளித்தால் அது அவர் பாடு. டிஆர்2 என்றால் என்ஜின் எண் 'டிஎஸ்' என்று தொடங்கி 'இ' என்று முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது குறிகள். பிளிமத், டாட்ஜ் கார்களைத் தயாரித்த கிரைஸ்லர் கம்பெனி, அளவு சற்றுப் பிசகிய பிளாக்கைத் தூக்கி எறிந்ததில்லை. சிலிண்டரை 0.020 அங்குலம் பெரிதாகக் கடைந்து, நம்பருக்குப் பக்கத்தில் 'ஏ' என்று அடித்து அனுப்பிவிட்டது. வைர வடிவம் இருந்தால் டாப்பெட்டுகள் 0.008 அங்குலம் பெரியவை. மால்டா சிலுவை இருந்தால் கிராங்க்ஷாஃப்ட் 0.001 அங்குலம் சிறியது. தெரியாதவர் இதை ஏதோ பட்டறைக்காரரின் அடையாளம் என்று நினைத்து, சாதா சைஸ் பேரிங்கை வாங்கிவந்து மாட்டப் பார்ப்பார்.

இழைத்த பரப்பில் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத வழவழப்பான வட்டக்குழி தெரிந்தால், அது சுத்தியல் பட்ட காயமாக இருக்காது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரினெல் கண்டுபிடித்த கடினச் சோதனையின் தடமாக இருக்கலாம்: 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 3,000 கிலோ எடையில் அழுத்தி, பதிந்த குழியின் அகலத்தை அளப்பார்கள். ஆனால் சிறு சிறு வட்டங்கள் ஒன்றையொன்று கடித்தபடி கோடாகப் போனால் பர்ஸை இறுகப் பிடித்துக்கொள்வது நல்லது. விரிசலைச் சூடு காட்டாமல் ஆணி ஆணியாகத் தைத்து அடைத்த பழுது அது.

எழுத்துகளைப் படிக்க ஒரு எளிய விதி போதும். புடைத்து நிற்பவை பவுண்டரியுடையவை; குழிந்து இருப்பவை பிறகு பஞ்ச் வைத்து அடித்தவை. ஷெவ்ரோலே வி-8-இல் 'சி 12 5' என்று புடைத்திருந்தால், மூன்றாம் மாதம், 12-ஆம் தேதி, 5-இல் முடியும் ஆண்டு. 1955-ஆ 1965-ஆ என்பதை வார்ப்பு எண்ணைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். என்ஜினைக் கோத்த தேதி வேறொரு மூலையில் பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும். கோத்த தேதி வார்த்த தேதிக்கு முந்தையதாக இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

அப்படி விளையாடக் காரணம் பணம். கார் பிறந்தபோது இருந்த அதே என்ஜின் என்றால் ஷெவ்ரோலேயின் கார்வெட் போன்ற வண்டிக்கு விலையே வேறு. இந்தியாவிலும் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமலிருக்கும் வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கிறது. ஆனால் எண் மாறியிருப்பதெல்லாம் மோசடியும் அல்ல. ஃபோர்டு மாடல் டி-யில் என்ஜின் எண்தான் காரின் எண். அந்தக் காலத்தில் பிளாக் உடைந்து புதியது வாங்கினால் அது எண் இல்லாமல் வரும். பழைய எண்ணை அதில் அடித்துத் தர வேண்டியது டீலரின் வேலையாக இருந்தது.

ஷெவ்ரோலேயில் திருட்டுத்தனத்தைப் பிடிக்க, எண்ணைவிட அது இருக்கும் தரையைத்தான் பார்க்கிறார்கள். தொழிற்சாலை இயந்திரம் இழைத்த பரப்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் ஓடும். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தவர் அந்தக் கோடுகளையும் சேர்த்தே தேய்த்திருப்பார். விவரமானவர்கள் கோடுகளையும் போலியாகப் போடுகிறார்கள். அதனால் வாங்குபவரின் கையில் இப்போது பூதக்கண்ணாடியும் இருக்கிறது.