அணை ஒன்று, செய்தி இரண்டு

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவனுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. மலையாளப் பத்திரிகையையும் தமிழ்ப் பத்திரிகையையும் அவன் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒரே நிகழ்ச்சி இரண்டிலும் இரு வேறு உருவில் தோன்றுவதையும் காணலாம். முல்லைப் பெரியாற்று அணை இதற்குத் தக்க சான்று.

1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி எழுந்த அணை இது. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895-இல் நிறைவெய்தியது. அணை நிற்பது கேரளத்தில். அதன் நீரால் வாழ்வன தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள். அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அச்சம். மலைக்கு அப்பால் உழுபவனுக்குத் தண்ணீர்க் கவலை. இரண்டும் உண்மையே.

2011-ஆம் ஆண்டு இடுக்கியில் சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. மலையாள ஏடுகள் அணையின் வயதையும், அது உடைந்தால் நேரும் அழிவையும் முன்னிறுத்தின. தமிழ் ஏடுகள் ஒப்பந்த உரிமையையும், 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006-இல் அளித்த தீர்ப்பையும் முன்னிறுத்தின. இதற்குப் பொய் எழுத வேண்டியதே இல்லை. எதைத் தலைப்பாக்குவது, எதை உள்பக்க மூலையில் இடுவது என்னும் தேர்வே போதும்.

அந்தத் தேர்வு ஆசிரியருடையது மட்டுமா? அன்று. வாசகன் தன் கவலையைப் பேசும் ஏட்டையே விரும்பி வாங்குகிறான். அவன் விரும்புவதையே ஏடு மேலும் அச்சிடுகிறது. அச்சில் கண்டதும் அவன் கவலை சினமாகிறது. மக்கள் மனத்தைக் காட்டும் கண்ணாடியே அம்மனத்தை ஊதிப் பெருக்கும் துருத்தியாகவும் ஆகிவிடுகிறது.

விளைவு என்ன? இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அஞ்சி எல்லை கடந்தனர். தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இவர்களுள் எவர் அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்தவர்?

நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் அணை உறுதியாக உள்ளதென அறிவித்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடியை மீண்டும் உறுதிசெய்தது. தீர்ப்பு நீர்மட்டத்தை வரையறுத்தது, அச்சத்தை அகற்றவில்லை.

அச்சத்தை அகற்ற வேண்டுமானால், ஒருவர் மொழியில் மற்றவர் கவலையைச் சொல்ல ஆள் வேண்டும். கம்பத்து உழவனின் கவலையை மலையாள நண்பனுக்கும், வண்டிப்பெரியாற்றுத் தாயின் உறக்கமற்ற மழை இரவைத் தன் ஊராருக்கும் எடுத்துரைக்க வல்லவன், இங்கே இரு மொழியும் படிக்கும் மாணவனே. இரண்டு ஏடுகளையும் படித்துவிட்டு அவன் வாளாவிருக்கலாமா?