கீழ் வீட்டுக்குக் கேட்கும் டிரம்

எலக்ட்ரானிக் டிரம் வாங்கி மூன்றாம் நாள் மாலை, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். என் மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே குச்சி படும் ‘டக் டக்’ தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

“தாளமெல்லாம் கேக்கல சார். ஆனா தலைக்கு மேல யாரோ உலக்கை போடற மாதிரி தொம் தொம்னு இருக்கு” என்றார் அவர். கீழே இறங்கிப் போய் நின்று கேட்டேன். ஒவ்வோர் இடிக்கும் அவர் வீட்டு அலமாரிக் கண்ணாடி லேசாகக் கிணுங்கியது.

சத்தம் இரண்டு வழியில் பயணிக்கிறது என்பதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன். ஒன்று காற்று வழி. சாதாரண டிரம் செட்டைப் பலமாக வாசித்தால், வாசிப்பவர் காதருகே 100 டெசிபலைத் தாண்டிவிடும். எலக்ட்ரானிக் டிரம் அடைத்துவிடுவது இந்த வழியை. இன்னொன்று கட்டடத்தின் உடம்பு வழி. காலால் மிதிக்கும் கிக் பெடலின் சுத்தியல் ‘பேடு’ எனப்படும் அடிதட்டு ஒன்றை அறைகிறது. அந்தப் பேடின் கால்கள் தரையில் நிற்கின்றன. அடியின் விசை கான்கிரீட் தளத்தில் இறங்கி, கீழ் வீட்டுக் கூரையையே ஒரு பெரிய டிரம் தோலாக ஆக்கிவிடுகிறது. ஹெட்போனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி பேடுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சமையலறையில் இருக்கும் கேஸ் லைட்டரின் விசையை அழுத்தினால் ‘டிக்’கென்று பொறி பறக்கிறதல்லவா? உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் ஒரு படிகத்தை அடிக்கிறது. அடிபட்ட படிகம் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த அழுத்த மின்விளைவு இது. டிரம் பேடின் அடியிலும் இதே வேலையைச் செய்யும் பீசோ வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. மெல்ல அடித்தால் சிறிய மின்துடிப்பு, ஓங்கி அடித்தால் பெரிய மின்துடிப்பு. மாட்யூல் எனப்படும் பெட்டி அந்தத் துடிப்பின் உயரத்தை அளந்து, பொதுவாக 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி, அதற்குப் பொருத்தமான ஒலியை எழுப்புகிறது. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் வந்த மிடி (MIDI) முறை தந்த கணக்கு இது.

இவ்வளவும் சில மில்லி வினாடிகளில் முடிய வேண்டும். ஒலி காற்றில் 10 மில்லி வினாடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் போகும். அந்த அளவுத் தாமதத்தைக் கை பொறுத்துக்கொள்ளும். புளூடூத் ஹெட்போனில் தாமதம் 100 மில்லி வினாடியைத் தாண்டுவது சாதாரணம். அது 34 மீட்டர் தள்ளி இருக்கும் டிரம்மை வாசிப்பதற்குச் சமம், தாளம் நிற்காது. அதனால் வயர் உள்ள ஹெட்போன்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது கை. 1981-ல் வந்த சிம்மன்ஸ் என்ற எலக்ட்ரானிக் டிரம்மின் அறுகோணப் பேடுகள் கட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. மணிக்கட்டு வலிக்கிறது என்று வாசித்தவர்கள் புகார் சொன்னார்கள். 1997-ல் ரோலண்ட் நிறுவனம், டிரம் தோல் செய்யும் ரெமோ நிறுவனத்துடன் சேர்ந்து, இழுத்துக் கட்டிய வலைத் துணியால் ஆன மெஷ் பேடைக் கொண்டுவந்தது. குச்சி அதில் பட்டுத் துள்ளுவது உண்மையான தோலில் துள்ளுவதற்கு நெருக்கமாக இருக்கும். வலை காற்றைத் தள்ளாமல் ஊடே விட்டுவிடுவதால் சத்தமும் குறைவு. ரப்பர் பேடு விலை மலிவு. ஆனால் ‘டக்’ பலமாகக் கேட்கும், கையும் சீக்கிரம் சோரும். குறைந்தபட்சம் ‘ஸ்நேர்’ எனப்படும் முக்கிய டிரம்மின் பேடாவது மெஷ்ஷாக இருக்கட்டும். மெல்லிய அடிகளைக் கை பழகுவது அங்கேதான்.

எங்கள் ‘தொம் தொம்’முக்கு வருகிறேன். முதலில் ஒரு ரப்பர் பாய் விரித்துப் பார்த்தோம். குச்சிச் சத்தம் அடங்கியது, இடி அடங்கவில்லை. பிறகு இரண்டு கனமான பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பரப்பி, அவை உருளாதபடி கீழ்ப் பலகையில் குழி வெட்டி ஒரு மேடை செய்தோம். மேலே டிரம்மும் ஸ்டூலும். பந்துகள் இங்கே சுருள்வில். மேலுள்ள பாரம் அந்த வில்லின் மேல் மெதுவாக ஆடும். அந்த ஆட்டத்தின் இயல்பு அதிர்வெண், தடுக்க வேண்டிய அதிர்வின் அதிர்வெண்ணைவிட நன்றாகக் குறைந்திருந்தால்தான் அதிர்வு தரைக்கு இறங்காது. மெல்லிய பாய் அதற்குப் போதாத கெட்டியான வில். மேடை வந்தபின் கீழ் வீட்டு அலமாரி கிணுங்கவில்லை. சுத்தியலே இல்லாத கிக் பெடல்களும் கிடைக்கின்றன. மாடியில் இருப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

காதையும் காக்க வேண்டும். ஹெட்போனில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும்.

கடைக்குப் போகும்போது பெட்டியில் அச்சிட்ட ‘இத்தனை நூறு ஒலிகள்’ என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் வாசிக்கும் பிள்ளைக்கு ஏழெட்டு நல்ல ஒலிகள் போதும். மாட்யூலை அணைக்கச் சொல்லிவிட்டு வெறும் பேடில் அடித்துப் பாருங்கள். வீட்டில் மற்றவர்கள் கேட்கப்போகும் சத்தம் அதுதான். பிள்ளையைக் கிக் பெடலை மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் தரையில் உள்ளங்கையை வையுங்கள். கீழ் வீட்டார் உணரப்போவது அதுதான். கையில் இருக்கும் பணத்தை மெஷ் பேடுக்கும் கிக் பெடலுக்கும் மேடைக்கும் முதலில் செலவழியுங்கள். டிரம் வீட்டுக்கு வருமுன்பே கீழ் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, எந்த நேரத்தில் வாசித்தால் அவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.