கடைசி நாளைத் தீர்மானிக்கும் பாதை

அவிநாசி, அன்னூர் வட்டார விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வரும் பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மேலேற்ற வேண்டும். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள் அதில் நிறைய வேண்டும். 2021 இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. திறந்தது 2024 ஆகஸ்ட் 17.

நடுவில் ஒரு கட்டத்தில், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஆற்றை ஒட்டிய முதல் சில நீரேற்று நிலையங்களுக்கு இடையே, தோட்டங்கள் வழியாகப் போக வேண்டிய குழாய்க்கு இழப்பீடு பேசி முடிந்திருக்கவில்லை. அந்தத் துண்டு நிற்கும்வரை அன்னூர்ப் பக்கம் பதித்த குழாயால் ஒரு குட்டைக்கும் சொட்டுத் தண்ணீர் வராது.

இப்படிப்பட்ட முடிச்சை முன்கூட்டியே கணக்கில் பிடிக்க வழி கண்டவர்களில் ஒருவர் மார்கன் வாக்கர், அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனப் பொறியாளர். ரெமிங்டன் ராண்ட் நிறுவனக் கணிதவியலாளர் ஜேம்ஸ் கெல்லியுடன் 1957-ல் அவர் இதில் இறங்கினார். எந்த வேலைக்கு எத்தனை நாள், எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று எழுதி அம்புக்குறிகளால் இணைத்தார்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லும் வழிகளில் மிக நீளமானதுதான் ‘கிரிட்டிக்கல் பாத்’. அதில் ஒரு நாள் தவறினால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும். மற்ற வேலைகள் சற்றே தாமதித்தாலும் பாதகமில்லை. எல்லா இடத்திலும் ஆள் சேர்த்து அவசரப்படுத்துவது வீண்செலவு என்பதை இந்தக் கணக்கு பளிச்சென்று காட்டியது.

லூயிவில் நகரிலிருந்த டூபான்ட் ஆலையில் இதைச் சோதித்தார்கள். பராமரிப்புக்காகச் சராசரியாக 125 மணி நேரம் மூடிக்கிடந்த ஆலை 93 மணி நேரத்தில் மீண்டும் ஓடியது.

அதுவரை திட்ட மேலாண்மை என்பது மூத்த பொறியாளரின் அனுபவத்தோடு சேர்ந்த கூடுதல் பொறுப்பு. கற்றுக்கொடுக்கக்கூடிய முறை கையில் வந்ததும் அது தனித் தொழிலாகத் தலையெடுத்தது. 1969-ல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் வளாகத்தில் கூடியவர்கள் ‘புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். 1984-ல் அது நடத்தத் தொடங்கிய பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வைத்தான் இன்று மென்பொருள் துறை இளைஞர்களும் எழுதுகிறார்கள்.

வாக்கரின் அம்புக்குறிகள் ஆலைக்குள் இருந்த இயந்திரங்களுக்கு வரைந்தவை. கொங்கு மண்ணில் வரைபவர் தோட்டக்காரரோடு பேச எடுக்கும் மாதங்களையும் ஒரு வேலையாக எழுதி, முதல் அம்பை அங்கிருந்தே தொடங்க வேண்டும். பவானியில் உபரி நீர் வரும் பருவத்துக்கும் அந்தத் தாளில் இடம் வேண்டும். பம்புகள் தயாராகியும் தண்ணீருக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு. விடுபட்ட குளங்களுக்காக இரண்டாம் திட்டம் கேட்டு விவசாயிகள் குரல் கொடுத்துவருகிறார்கள். அதற்கான முதல் வரைபடத்திலேயே தோட்டக்காரரோடு பேசும் மாதங்களும் உபரி நீர்ப் பருவமும் இடம்பெற வேண்டும்.